ஒரே வீட்டில் இரண்டு பதினேழு

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு. திண்டுக்கல்லில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. சீடரின் மனைவியே ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சிரித்துவிட்டார்.

சீடர் சடையப்பன் முப்பத்தோரு வருடம் தொலைபேசி லைன்மேனாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார வரவில்லை. குரு மெஹருன்னிசா பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டு, வீடுகளுக்கு இன்டர்நெட் கோளாறு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் டீச்சர். சடையப்பனுக்கும் டீச்சர்தான்.

"உள்ளேயிருந்து ஆரம்பிங்கண்ணே." டீச்சர் முதல் நாள் சொன்ன பாடம் இது ஒன்றுதான்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் சடையப்பனின் கால் தன்பாட்டுக்குத் தெருக்கம்பத்தைப் பார்த்துத்தான் போகும். அவர் காலத்தில் கோளாறெல்லாம் வெளியே இருந்தது. மழையில் இருந்தது, மரக்கிளையில் இருந்தது, அணில் கடித்த வயரில் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்தும் கோளாறு வரும் என்பதை அவர் புத்தி ஒப்புக்கொண்டது, பழக்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு அவர் கடைக்குள் வந்து, பையைக் கீழே போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நாகல்நகர் வீட்டுக்கு இனி நான் போகலை."

"எந்த வீடு?"

"பரமானந்தம் வீடு. கீழே அப்பா, மேலே மக. இந்த மாசம் மட்டும் நாலு தடவை போயாச்சு. இன்னைக்கும் கூப்பிட்டாங்க."

"என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. வயரை மாத்தினேன். பிளக்கை மாத்தினேன். கம்பத்துல ரெண்டு தடவை ஏறிப் பார்த்தேன். லைன் சுத்தமா இருக்கு. இன்டர்நெட் பெட்டியில எல்லா விளக்கும் பச்சையா எரியுது. மேலே வரலைன்னு கூப்பிடறாங்க, போறேன், அணைச்சுப் போடறேன், வந்துருது. ரெண்டு நாள் கழிச்சுக் கீழே வரலைங்கறாங்க. போறேன், அணைச்சுப் போடறேன், வந்துருது. அப்புறம் மறுபடி மேலே." அவர் மூச்சு விட்டுக்கொண்டார். "கோளாறே இல்லாத வீட்டுல கோளாறு வந்தா என்ன டீச்சர் பண்றது?"

டீச்சர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"மேலேயும் கீழேயும் ஒரே நேரத்துல வேலை செய்யறதைப் பார்த்திருக்கீங்களா?"

சடையப்பன் யோசித்தார்.

"இல்லை."

"அப்பாவையும் மகளையும் ஒரே இடத்துல பார்த்திருக்கீங்களா?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இல்லை டீச்சர்."

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பரமானந்தம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கூட்டத்தை அதட்டிய குரல் இப்போது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு, சடையப்பன் பக்கம் குனிந்து சொன்னார்.

"எப்படியாவது இன்னைக்குச் சரி பண்ணிருங்க சார். இல்லைன்னா திங்கட்கிழமை அவ கோயம்புத்தூர்ல ஹாஸ்டலுக்குப் போயிருவாளாம்."

"அவங்க சொன்னாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லலை. ஹாஸ்டலுக்குப் போறேன், திங்கட்கிழமையிலேருந்து அரை லிட்டர் போதும்னு பால்காரர்கிட்ட சொல்லியிருக்கா. அவர் சொல்லித்தான் தெரியும்."

"நீங்க கேட்கலையா?"

பரமானந்தம் சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார்.

"இவளை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப பிருந்தா சென்னையில இன்டர்வியூவுக்குப் போயிருந்தா. முடிச்சிட்டு வரட்டும்னு ரெண்டு நாள் சொல்லாம இருந்துட்டேன். மூணாவது நாள் சொல்ல வேண்டியதாப் போச்சு. வந்தா. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அதோட எங்கிட்டப் பேச்சில்லை. ரெண்டு வருஷம் ஆகுது." கொஞ்சம் நிறுத்தி, "டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

சடையப்பன் அந்தப் படத்தைப் பார்த்தார். நான்கு தடவை வந்திருக்கிறார். நான்கு தடவையும் அந்தப் படத்துக்குக் கீழேதான் பையை வைத்திருக்கிறார். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கீழறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பரமானந்தம் தினமும் அதில்தான் பேப்பர் படிப்பார். சடையப்பன் அதன் முன்னால் உட்கார்ந்தார். டீச்சர் பின்னால் நின்றுகொண்டார்.

"பிங் போடுங்க."

அதைச் சடையப்பன் கற்றிருந்தார். ஒரு கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுத்தால், 'இருக்கிறாயா?' என்று அதைக் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை அது. இருந்தால் பதில் வரும். அவர் வழக்கம்போல வெளியூர் எண் ஒன்றை அடிக்கப் போனார்.

"அது கடைசியில. முதல்ல தன்னையே கூப்பிடச் சொல்லுங்க."

"தன்னையேவா? அது இங்கேதானே டீச்சர் இருக்கு."

"இருக்கறதெல்லாம் பதில் சொல்லுமா?"

அவர் அடித்தார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே நான்கு முறை கூப்பிட்டது. நான்கு முறையும் பதில் சொல்லிக்கொண்டது.

"இப்போ பக்கத்துல இருக்கற பெட்டி."

பதில் வந்தது.

"இப்போ வெளியே."

அதற்கும் பதில் வந்தது. சடையப்பன் கையை விரித்தார். "பார்த்தீங்களா? எல்லாம் சுத்தம்."

பரமானந்தம் டீத் தம்ளர்களோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் வரலைன்னா அங்க யாரும் இல்லைன்னு அர்த்தமாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. சில கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். பதில் சொல்ல வேண்டாம்னு வெச்சிருப்பாங்க."

"அப்ப கூப்பிடறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கணும்."

"எத்தனை தடவை?"

"இது நாலு தடவை கூப்பிட்டுட்டு நிறுத்திரும்."

பரமானந்தம் தம்ளர்களை மேசைமேல் வைத்தார். திரும்பி மாடிப்படியைப் பார்த்தார்.

டீச்சர் சடையப்பனைக் கீழேயே உட்காரச் சொல்லிவிட்டு மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, வெளியூர் எண்ணை நிறுத்தாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. பதில் வருதா?"

"வருது."

"இங்க பிருந்தாவோட கம்ப்யூட்டரைப் போடச் சொல்றேன். பார்த்துக்கிட்டே இருங்க."

சடையப்பன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் வந்தது. பதில் வந்தது. பதில் வந்தது. அப்புறம் வரவில்லை.

"நின்னுருச்சு டீச்சர்."

"இங்க இப்போ நல்லா வருது. உங்க கம்ப்யூட்டருக்கு என்ன எண் காட்டுது?"

"கடைசியில பதினேழு."

"இங்கேயும் பதினேழு."

சடையப்பன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் இறங்கி வந்து பரமானந்தத்திடம்தான் விளக்கினார்.

"ஐயா, ரேஷன் கடையில கூட்டம் அதிகமா இருந்தா டோக்கன் கொடுப்பீங்கள்ல?"

"ஆமா."

"இந்தப் பெட்டியும் அப்படித்தான். வீட்டுல இருக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் கொடுக்கும். வெளியேயிருந்து வர்றதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். உங்க வீட்டுல இதே மாதிரி இன்னொரு பெட்டி மேலே இருக்கு. அதையும் இதே லைன்லதான் மாட்டியிருக்காங்க. அதுவும் எண் கொடுக்குது."

ரேஷன் கடைக்காரருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு பேரும் தனித்தனியா டோக்கன் கிழிச்சா ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போகும்மா. சர்க்கரை யாராவது ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்."

"அதேதான்."

"அப்ப, நான் இங்க பேப்பர் படிச்சாத்தான் அவளுக்குக் கட் ஆகுதா?"

"உங்களுக்கு வர்றப்ப அவங்களுக்குப் போயிருது."

பரமானந்தத்தின் முகம் வாடிப்போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதைத் தொட்டிருக்கவே மாட்டேனே."

"மேலே ஒரு பெட்டி வாங்கி வெச்சது உங்களுக்குத் தெரியுமாங்கய்யா?"

"தெரியாது. பாஸ்வேர்டு கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். கேட்க மாட்டான்னு தெரிஞ்சுதான் எழுதியே ஒட்டி வெச்சேன்."

அவர் காட்டிய இடத்தில், மாடிப்படி திரும்பும் சுவரில், கண்ணுக்கு நேராக ஒரு காகிதம் இருந்தது. ரேஷன் கடைப் பலகையில் இருப்பு எழுதுகிற குண்டு குண்டு எழுத்து. சடையப்பன் இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கியிருக்கிறார். அந்த மகள் இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கியிருக்கிறாள். காகிதம் மட்டும் பழையதாகவில்லை. மங்க மங்கப் புதிதாக எழுதி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

சடையப்பன் டீச்சரைத் தனியே அழைத்துப் போனார்.

"நான்தான் டீச்சர் இத்தனை நாளும் கெடுத்திருக்கேன். மேலே சரி பண்ணிக் கீழே கெடுத்திருக்கேன். கீழே சரி பண்ணி மேலே கெடுத்திருக்கேன்."

"ஆமா."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். டீச்சருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"சரி, ஏதாவது ஒரு பெட்டி எண் கொடுக்கறதை நிறுத்திட்டா முடிஞ்சது. பத்து நிமிஷ வேலை. எதை நிறுத்தட்டும்?"

"என்னைக் கேட்டா? வீடு அவங்களோடது."

"நாமளே ஒண்ணை நிறுத்திட்டுப் போனா என்ன?"

"அடுத்த வாரம் ஒருத்தர் யாரையாவது கூப்பிட்டு அதைத் திரும்பப் போட வைப்பாங்க. நீங்க ஆறாவது தடவை, ஏழாவது தடவை வரலாம்."

சடையப்பனின் முழங்கால் அதைக் கேட்டுக்கொண்டது. அவர் பரமானந்தத்திடம் போனார்.

"எந்தப் பெட்டி இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"அவளோடதே இருக்கட்டும். என்னோடதை நிறுத்திருங்க. அவகிட்ட சொல்லிருங்க."

சடையப்பன் பதினெட்டுப் படி ஏறினார். மாடியறையில் பிருந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் கம்ப்யூட்டர், காதில் மாட்டுகிற ஹெட்போன். கட்டில் மேல் ஒரு பெரிய பை, ஜிப் இழுத்து மூடித் தயாராக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்களாம். திங்கட்கிழமை மூன்றாவது தடவையாகிவிட்டால் வேலை போய்விடும்.

"அப்பா உங்க பெட்டியே இருக்கட்டும்னு சொல்றாரும்மா."

அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டினாள்.

"வேண்டாம்ணே. அவருக்குக் கீழே இருக்கறதுதான் பழக்கம். புதுசா மாத்தினாத் தடுமாறுவார். என்னோடதை நிறுத்திருங்க. நான் எப்படியும் கிளம்பறவதான்."

சடையப்பன் பதினெட்டுப் படி இறங்கினார்.

"அவங்க உங்களோடதே இருக்கட்டும்ங்கறாங்க."

"எனக்கெதுக்கு? பேப்பர் கடையில வாங்கிப் படிச்சுக்கறேன். அவளுக்குப் பொழப்பு. அவளோடதே இருக்கணும்னு சொல்லுங்க. போறதுக்கு அவசரப்பட வேண்டாம்னும் சொல்லுங்க."

பதினெட்டுப் படி. மேலே சொன்னார். மேலே சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பதினெட்டுப் படி. கீழே சொன்னார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான்காவது தடவை ஏறும்போது சடையப்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. படி திரும்பும் இடத்தில், அந்தக் காகிதத்துக்குக் கீழே, டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்கண்ணே."

"மேலே காத்துக்கிட்டிருக்காங்க டீச்சர்."

"ஆமா."

"கீழே ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருக்காரு."

"எனக்கும் கேட்டுச்சு. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் முதல் தடவையாக வேலை எதுவும் பார்க்காமல் உட்கார்ந்தார். முழங்காலில் இருந்த வலி மெதுவாகத் தொடைக்கு ஏறியது. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கீழே அடுப்படியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம் போயிற்று.

பரமானந்தம் படிக்குக் கீழே வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், சொல்லிட்டீங்களா?"

சடையப்பன் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் கைமேல் லேசாகத் தட்டினார். சடையப்பன் வாயை மூடிக்கொண்டார்.

பரமானந்தம் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பிருந்தா."

மேலே மின்விசிறிச் சத்தம்.

"பிருந்தாம்மா."

அவர் காத்திருந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் சரியாக வரவில்லை. பதிலும் வரவில்லை. அவர் தலை குனிந்தபடி அடுப்படிக்குள் போய்விட்டார். கம்ப்யூட்டரைவிட ஒரு தடவை குறைவு.

சடையப்பனுக்கு அழுகை வரும்போல இருந்தது. டீச்சர் மேல் கோபமும் வந்தது. பெட்டியைச் சரி செய்ய வந்தவர்களுக்கு இந்த வேலை எதற்கு?

"டீச்சர், நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட..."

"உட்காருங்கண்ணே. ரொம்பக் களைச்சிருக்கீங்க."

மேலே நாற்காலி நகர்ந்தது. பிருந்தா படியின் உச்சியில் வந்து நின்றாள்.

"என்ன?" என்றாள். கீழே பார்த்துத்தான் கேட்டாள். கீழே யாரும் இல்லை. "என்ன சொன்னார்ணே?"

சடையப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரியாக் கேட்கலைம்மா" என்றார் சடையப்பன். முப்பத்தோரு வருடம் லைனில் காது வைத்துப் பிழைத்தவர் சொன்ன பொய் அது.

பிருந்தா நின்றாள். பிறகு இறங்கினாள். படி குறுகல். இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். காகிதத்துக்கு நேராக வந்ததும் அவள் கால் தயங்கியது. கையை நீட்டி அதைக் கிழியாமல் நான்கு மூலையிலும் நிதானமாகப் பிய்த்தாள். எடுத்துக்கொண்டு கீழே போனாள். அடுப்படியில் குழாயை யாரோ இறுக்கி மூடினார்கள்.

டீச்சர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். சடையப்பனும் எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. டீச்சர் அதில் சாய்ந்து நின்றுகொண்டு தண்ணீர் குடித்தார். சடையப்பன் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். உடம்பில் தெம்பு என்று எதுவும் மிச்சமில்லை. மரத்துக்குப் பக்கத்தில் கம்பம் நின்றது. அதை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வேலையை முடிக்காம வந்துட்டோம் டீச்சர்."

"ம்."

"திங்கட்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா அந்தப் பொண்ணு போயிருமே."

"ம்."

"இன்னமும் ரெண்டு பெட்டியும் எண் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கு."

டீச்சர் தண்ணீர் பாட்டிலை மூடினார். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. ஒரு மீன்காரர் வந்து போனார். சடையப்பன் இரண்டு தடவை எழுந்து அந்த வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பையில் போன் அடித்தது. அந்த வீட்டுக்கு அவர் போனில் இரண்டு பெயர் வைத்திருந்தார், கீழ்வீடு என்றும் மேல்வீடு என்றும்.

"கீழ்வீடு கூப்பிடுது" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எடுத்தார்.

"அண்ணே, ரொம்பத் தூரம் போயிட்டீங்களா?" பிருந்தாவின் குரல். "மேலே இருக்கறதை நிறுத்திருங்க. அப்பாவோட பெட்டியே இருக்கட்டும். பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு."

பின்னாலிருந்து பரமானந்தத்தின் குரல் கேட்டது. பாதி இல்லை, முழுசாகவே கேட்டது. "சார், அவ சொல்றதைக் கேட்காதீங்க. அவளோடதே இருக்கட்டும்."

"நீங்க சும்மா இருங்கப்பா. நான்தான் பேசறேன்ல."

சடையப்பன் போனைக் கையில் பிடித்தபடி டீச்சரைப் பார்த்தார்.

"கீழ்வீட்டு போன் டீச்சர். பேசறது மேல்வீடு. இன்னும் முடிவுக்கு வரலை, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வாங்கண்ணே. இனி ஒரு தடவை ஏறினாப் போதும்."